நிரந்தரப் பணியாளர் உன்னதி

உன்னதி கம்பெனிக்கு வந்தது ஏசி காரில். பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட் வேறு போட்டிருந்தார்கள். அதே நேரம் வெங்கடலட்சுமி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே வந்ததில் கை மரத்துப்போயிருந்தது. காரில் வந்தது யாரோ பெரிய இடத்துப் பிள்ளை என்று எண்ணி அவள் ஒதுங்கி வழிவிட்டாள். டிரைவர் இரண்டு கையாலும் ஏந்தி இறக்கியபோதுதான் அது ஒரு தொட்டிச் செடி என்று தெரிந்தது.

ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனி அது. லைனில் நிற்கிறவர்கள் எல்லாம் பெண்கள். நிற்கிறவர்கள் என்று சொன்னது பேச்சுக்கு அல்ல, நின்றுகொண்டுதான் வேலை. அவர்கள் மனசு சந்தோஷமாக இருக்கிறதா என்று வெளிநாட்டிலிருக்கிற தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று ஒரு கவலை வந்து, ஏதாவது செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. உட்கார ஸ்டூல் போடலாம், இன்னொரு பாத்ரூம் கட்டலாம் என்று யோசனைகள் வந்தனவாம். எச்.ஆர். மேனேஜர் கிரண்குமார் எல்லாவற்றையும் ஆழ்ந்து பரிசீலித்து, கடைசியில் ஒரு செடி வாங்கினார்.

கத்தி கத்தியாக நிமிர்ந்த இலைகள், ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. ஸ்நேக் பிளான்ட் என்று பெயர். தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, கிரண்குமார் மைக்கைப் பிடித்தார். நாயுடுபேட்டைக்காரர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே தட்டில் பரிமாறப்படும்.

“இந்தச் செடியைப் பாருங்கம்மா. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் வளரும். தண்ணி மறந்துட்டாலும் கோவிச்சுக்காது. நாள் பூரா நிக்கும், உட்காரணும்னு கேக்காது. டே ஷிப்ட் நைட் ஷிப்ட்னு பாக்காம ஆக்சிஜன் குடுக்கும். லீவு கிடையாது, யூனியன் கிடையாது. இதைவிட ஒரு நல்ல எம்ப்ளாயீ உலகத்துல உண்டா? மீரே செப்பண்டி!”

நீங்களே சொல்லுங்கள் என்றாரே தவிர யாரும் சொல்வதற்கு இடம் விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்கள் யார் என்று பார்க்க சூப்பர்வைசர் பாபு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

பிறகு செடிக்கு உன்னதி என்று பெயர் சூட்டி, ஒரு அடையாள அட்டையைத் தொட்டியின் கழுத்தில் மாட்டினார்கள். நாடாவைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அது நீல நாடா. நீலம் என்றால் நிரந்தரம். லைனிலிருந்த அத்தனை பெண்களின் கழுத்திலும் தொங்கியது மஞ்சள், அதாவது ஒப்பந்தம். வெங்கடலட்சுமி சேர்ந்து வருஷக் கணக்கில் ஆகிறது. ஒவ்வொரு தை மாதமும் ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று சொல்லி மஞ்சளையே புதுப்பித்துக் கொடுத்தார்கள். செடி வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அவளுக்கு அந்த நீல நாடா வேடிக்கையாக இல்லை. முப்பத்தைந்து தாண்டின ஒப்பந்தக்காரிகளை மறுபடி எடுப்பதில்லை என்பது கம்பெனியில் எங்கும் எழுதியிராத, எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அவளுக்கு அந்த வயசு வந்துவிட்டது. புருஷன் கங்கையா மாந்தோப்பில் குத்தகைக்குக் காய் பறிக்கப் போய், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு கிடந்தான். வருகிற தைக்குள் நீல நாடா கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிரண்குமாருக்கு இதெல்லாம் தெரியும். எச்.ஆர். என்றால் சும்மாவா? அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“உன்னதிக்கு ஒரு தோழி வேணும்மா. நீதான் தாவரத் தோழி. சங்கராந்திக்கு முன்னாடி வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள ஒரு புது இலை விட்டா உனக்கும் நீல நாடா.”

“விடலன்னா சார்?”

“நாம நெகடிவா பேச வேணாம். விடலன்னா நீ இங்க இருக்க மாட்டே. அதைப் பத்தி நாம பேசவே வேணாம்.”

வீட்டுக்குப் போய்க் கங்கையாவிடம் சொன்னாள். இலை எப்படி இருக்கும் என்று அவன் கேட்டான். கையை நிமிர்த்திக் காட்டினாள்.

“அட, மருளு! ஏரிக்கரையில ஆடு மாடு கூட துன்னாம கெடக்குதே, அந்த ஜாதி. அத்த வளக்கறதுக்கு ஒரு ஆளா? சாகடிக்கறதுதான்டி கஷ்டம்” என்றான். “தண்ணியே காட்டாத. தானா வளரும்.”

வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். வேலை இவ்வளவு சுலபமாக நிலைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கம்பெனியிலோ அன்புக்கு விதிமுறை தயாராகிக்கொண்டிருந்தது. இங்கே டோக்கன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனுக்கு ஒரு சிவப்பு டோக்கன் உண்டு, பாத்ரூம் போக. லைன் முழுவதுக்கும் ஒன்றே ஒன்று, பாபுவின் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கும். கேட்டால் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு கேட்டவளைப் பார்ப்பார். “இப்பத்தானே போன?” என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்த்தான் சொம்பைக் கவிழ்ப்பது.

இப்போது சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டோக்கன் தொங்கியது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும் மறுக்கக் கூடாது என்று கிரண்குமார் உத்தரவு போட்டிருந்தார். “அன்புக்கு டார்கெட் கிடையாது” என்று அவர் சொன்னதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். பணியாளர்களின் பாசத்தை அளப்பதற்காகச் செடிக்கு நேர் மேலே ஒரு காமிரா வைத்தார்கள். ஒரு ஆள் வந்து ஒரு கப் ஊற்றினால் ஒரு பாசம். வெறுமனே வந்து நின்றுவிட்டுப் போனால் அது பாசத்தில் சேராது.

செடியை வைக்க லைனுக்குள் இடமில்லை. நடைபாதைக் கோடியில் ஒரு மூலை காலியாக இருந்தது, அங்கே வைத்தார்கள். அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் பாத்ரூம் கதவு.

அந்தக் கதவின் உபயோகம் முதலில் வெங்கடலட்சுமிக்கும் தோன்றவில்லை. தோன்றியதற்கு ரூபாதான் காரணம். பக்கத்தில் நின்று வயர் முறுக்குகிற சின்னப் பெண் ரூபா. ஐந்து மாசம் முழுகாமல் இருந்தாள். தொளதொள கோட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு வந்தாள். தெரிந்தால் மஞ்சள் நாடாக்காரிக்குக் கம்பெனி ஓய்வு கொடுத்துவிடும், திரும்பி வர வேண்டாத ஓய்வு. அடிவயிற்றில் வலியும் காய்ச்சலுமாக ஒருமுறை கிடந்தபோது சத்தியவேட்டு டாக்டரம்மா, நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று கண்டித்து அனுப்பியிருந்தாள்.

“அக்கா, என்னால முடியல. பாபு சார் டோக்கன் தர மாட்டேன்றாரு” என்றாள் ரூபா. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பச்சைய கேளு. செடிக்கு ஊத்திட்டு வரேன்னு சொல்லு.”

“காத்தால நீ ஊத்தினியே?”

“ஊத்தினா இன்னா? செடி பக்கத்துல இன்னா கதவு இருக்குது?”

ரூபாவின் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு கப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். காமிராவுக்கு எதிரே பாசமாக ஊற்றினாள். திரும்பி வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது. எதிரே நின்று வேலை செய்தபடி பார்த்துக்கொண்டிருந்த எலிசபெத் அடுத்த நிமிஷம் பச்சை டோக்கனைக் கேட்டாள். எலிசபெத் சொன்னது அடுத்து நின்ற மனோரமாவுக்கு எட்டியது. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க உன்னதியின் மேல் தாங்க முடியாத பாசம் பொங்கிவிட்டது.

பாபுவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. “எந்தச் செடிமா இவ்ளோ தண்ணி குடிக்கும்?” என்று முணுமுணுத்தார். “அன்புக்கு டார்கெட் கிடையாது சார்” என்று எலிசபெத் சுவரைக் காட்டினாள். கிரண்குமாரோ சந்தோஷத்தில் குதித்தார். காமிராக் கணக்கை வைத்துப் போட்ட வரைபடத்தில் பாசக் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் பாராட்டி எழுதியது. இந்திய ஆலை போல உலகத்தில் எந்த ஆலையிலும் தொழிலாளர்கள் செடியை நேசிக்கவில்லையாம்.

பெண்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். ரூபாவின் முகத்தில் களை வந்தது. செடியின் முகத்தில்தான் போய்விட்டது.

தொட்டி வெளிநாட்டுப் பீங்கான். அழகு கெடும் என்று அடியில் ஓட்டை வைக்கவில்லை. ஊற்றிய பாசமெல்லாம் உள்ளேயே நின்றது. அடி இலை மஞ்சளாகி, கையை வைத்தால் வெந்த கிழங்காக நசுங்கியது. ஒரு வாடை வேறு. தண்ணீரை நிறுத்துங்கள் என்று வெங்கடலட்சுமி ஒரு வார்த்தை சொன்னால் போதும், செடி பிழைக்கும், நீல நாடா வரும். பச்சை டோக்கன் ஆணியிலிருந்து இறங்கும். பிறகு ரூபா?

அவளுக்குச் செடியின் மேல் கோபம் வந்தது. ரூபாவின் மேலும் வந்தது. கடைசியில், வாயைத் திறந்து அந்தக் கதவைக் காட்டிக்கொடுத்த தன் மேலேயே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் பார்க்காதபோது ஈர மண்ணில் துண்டை ஒற்றி ஒற்றி, காலி டிபன் டப்பாவில் பிழிந்து வெளியே கொட்டினாள். ஒரு பக்கம் அவள் இறைக்க, மறுபக்கம் லைன் ஊற்றியது. அவளும் அந்தப் பக்கம் போனால் ஒரு கப் ஊற்ற வேண்டித்தான் இருந்தது, காமிரா பார்க்கிறதே.

“கொஞ்சம் கொறைச்சிக்கலாமா?” என்று எலிசபெத்திடம் கேட்டாள்.

“எத்த கொறைக்கறது? ஊத்தறதையா, போறதையா?” என்றாள் எலிசபெத். “நீயே சொல்லு லட்சுமி. நீ சொன்னா நாங்க அடக்கிக்கறோம்.”

வெங்கடலட்சுமி துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி செடியிடம் போனாள்.

செடிக்கு உடம்பு சரியில்லை என்றதும் கம்பெனியே ஆடிப்போனது. அவசரக் கூட்டம். பெங்களூரிலிருந்து மனநல ஆலோசகர் பத்மினி மேடம் பெரிய திரையில் தோன்றினார். செடியைக் காமிராவில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

“யாராவது இதுகிட்ட கடுமையா பேசினீங்களா?” என்று கேட்டார்.

இல்லையென்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

“தனிமையா ஃபீல் பண்ணுதோ என்னவோ. தரையில வெச்சிருக்கீங்க, பாருங்க. அதோட சுயமரியாதை என்ன ஆகும்? ஒரு ஸ்டூல் போடுங்க. மெல்லிசா வீணை வைங்க. மனசு விட்டுப் பேசறதுக்கு ஆள் வேணும். நீண்ட நேரம் ஒரே இடத்துல நிக்கறது எந்த உயிருக்கும் நல்லதில்லே.”

“அப்ஸல்யூட்லி மேடம்” என்றார் கிரண்குமார். குரல் தழுதழுத்தது. “ஒரு உயிர் நம்மளை நம்பி வந்திருக்கு.”

தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. பாசக் கோடு இறங்கினால் தலைமை அலுவலகத்துக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் ஸ்டூல் வந்தது. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து லைன் பக்கம் வந்த முதல் ஸ்டூல் அது. அன்று மத்தியானம் ஏசி கெட்டுப்போய் நின்றது. ரூபா கண் இருட்டிக் கன்வேயர் மேல் சாய்ந்துவிட்டாள். வெங்கடலட்சுமி அவளைத் தாங்கிப் பிடித்து, ஸ்டூலை எடுக்க ஓடினாள். பாபு குறுக்கே வந்தார்.

“அது உன்னதியோடதும்மா. கீழ குந்த வை. அஞ்சு நிமிஷம்தான், லைன் நிக்குது பாரு.”

ரூபா தரையில் உட்கார்ந்தாள். நடைபாதையில் செடிக்காக வைத்த ஸ்பீக்கரில் வீணை ஒலித்துக்கொண்டிருந்தது. வெங்கடலட்சுமிக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஏதாவது டோக்கன் கேட்பார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் நல்ல மருளாக ஒரு தூர் பிடுங்கினாள். மஞ்சள் கோடு இல்லை, ஆனாலும் ஜாதி ஒன்றுதானே, பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனதைக் கேட்டில் செக்யூரிட்டி ரங்கையா கண்டுபிடித்துவிட்டார்.

“வெளிச் செடி உள்ள போவக் கூடாதும்மா. ஐடி இருக்குதா?”

“செடிக்கா மாமா?”

“உன்னதிக்கு இருக்குதே. ஐடி இல்லாத உயிர் எதுவும் உள்ள போவக் கூடாதுன்னு ஆர்டரு. நான் இன்னா பண்ணட்டும்?”

ஏரிக்கரை மருள் கேட்டுக்கு வெளியே வேலியோரம் எறியப்பட்டது. அங்கேயே வேர் பிடித்து நன்றாக வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் உன்னதி அடியோடு அழுகி, ஸ்டூலிலிருந்து தலைகுப்புறச் சாய்ந்தது. கிரண்குமார் ஓடி வந்து பார்த்தார். பிறகு சென்னைக்கு ஒரு போன் பேசினார். காலையில் ஸ்டூலின் மேல் அதே தொட்டியில், அதே நீல நாடாவோடு, முன்னைவிடப் பச்சையாக உன்னதி நின்றது. புது இலை இரண்டு கூடுதல். வெங்கடலட்சுமி தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக்.

“உயிரோட இருக்கு” என்றார் கிரண்குமார், அவள் கண்ணைப் பார்க்காமல். “யார் கேட்டாலும் உயிரோட இருக்கு.”

வந்தவர்கள் செடியைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து இலையருகே மூக்கை வைத்து நீளமாக மூச்சிழுத்து, இந்த மூலையில் காற்றே வேறு மாதிரி இருக்கிறது என்றார். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் காற்று வேறு மாதிரி இருப்பது உண்மைதான். தோழி யார் என்று கேட்டார்கள். வெங்கடலட்சுமியை முன்னால் தள்ளினார்கள். அவள் கும்பிட்டாள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆணியில் பச்சை டோக்கன் இல்லை.

“பிளாஸ்டிக்குக்கு எதுக்குமா தண்ணி?” என்றார் பாபு தணிந்த குரலில். அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு நிம்மதி தெரிந்தது. ரூபா சிவப்பைக் கேட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ரூபா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

மூன்று மணிக்கு நடைபாதையில், செடிக்கு முன்னால் பாராட்டு விழா. ஒரு தட்டில் நீல நாடா. பெரிய திரையில் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள். இன்னொரு கட்டத்தில் பத்மினி மேடம். ஆங்கிலம் தெரியாதவர்கள் பேசுவதை அவர்தான் மொழிபெயர்க்கப் போகிறார்.

“செடி இவ்ளோ நல்லா வளர்ந்த ரகசியம் என்னன்னு கேப்பாங்க” என்று கிரண்குமார் அவள் காதில் சொன்னார். “பாசம்னு ஒரே வார்த்தை. சொல்லு, வாங்கிக்கோ, போ.”

வெங்கடலட்சுமி தட்டைப் பார்த்தாள். கங்கையாவின் இடுப்பு ஞாபகம் வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரூபா சாய்ந்து நிற்பதும் தெரிந்தது.

“தண்ணி சார்” என்றாள். “தெனமும் தண்ணி. நான் ஒருத்தி ஊத்தினா அதுக்குப் பத்தாது. லைன்ல இருக்கற அல்லாரும் வந்து ஊத்தணும். யாரையும் தடுக்கக் கூடாது. யாருக்கு எப்ப தோணுதோ அப்ப வுடணும். ஒருநாள் நிறுத்தினா கூட செத்துப்போயிடும். நேத்து வரைக்கும் ஊத்திக்கினுதான் இருந்தோம். இன்னிக்கி டோக்கன எடுத்துட்டாங்க. எனக்கு பயமா இருக்குது.”

கிரண்குமார் மைக்குக்குக் கை நீட்டுவதற்குள் பத்மினி மேடம் நெகிழ்ந்துபோய் அதை முழுசாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார். திரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர் கேட்டார், ஏன் நிறுத்தினீர்கள்? எத்தனை அருமையான வழக்கம், இது எந்நாளும் நிற்கக் கூடாது.

கிரண்குமார் செடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ‘அது பிளாஸ்டிக்’ என்கிற இரண்டு வார்த்தை அவர் தொண்டை வரை வந்து திரும்பிப் போனதை லைன் முழுக்கப் பார்த்தது. “நிற்காது சார்” என்றார்.

விழா முடிந்ததும் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“அது பிளாஸ்டிக்குனு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார்.”

“அப்புறம்?”

“நீங்கதானே சார் உயிரோட இருக்குதுன்னு சொன்னீங்க.”

அவர் நீல நாடாவைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். “உன் ஆட்டிட்யூட் சரியில்லைம்மா. உன்னதியைப் பாத்துக் கத்துக்கோ” என்றார்.

லைனுக்குத் திரும்பியபோது பச்சை டோக்கன் ஆணியில் தொங்கியது. ரூபா கையைத் தூக்கினாள். “செடிக்குத் தண்ணி ஊத்தணும் சார்.” பாபு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கழற்றிக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் எலிசபெத் கப்போடு நின்றாள், அவளுக்குப் பின்னால் மனோரமா. பிளாஸ்டிக் குடிக்காது என்பதால் தொட்டி வழிந்தது. கம்பெனி ஸ்டூலுக்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தது. பக்கெட்டைக் கொட்ட ஒரு ஆளும் போட்டது.

தை பிறந்ததும் வெங்கடலட்சுமியின் மஞ்சள் நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள், அழுதுவிட்டாள். ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கேட்டுக்குப் போகுமுன் வெங்கடலட்சுமி பாபுவின் மேசையருகே வந்து நின்றாள்.

“செடிக்கு ஒரு தபா ஊத்திட்டுப் போறேன் சார்.”

பாபு பச்சை டோக்கனைக் கழற்றிக் கொடுத்தார். அவள் ஒரு கப் நிறைய எடுத்துப்போய், காமிராவுக்கு எதிரே நின்று, பளபளவென்றிருந்த இலைகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தண்ணீர் நீல நாடாவை நனைத்துப் பக்கெட்டில் சொட்டியது. காலிக் கப்பை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவசரமில்லாமல் உள்ளே போனாள்.